தலைத்துணி: இல்லை

அந்தப் பெண் மயங்கி விழுந்தபோது அவள் கையில் கம்பி மத்தாப்புச் சட்டம் ஒன்று இருந்தது. மருந்துக் குழம்பில் முக்கியெடுத்த கம்பிகளை வரிசையாகச் செருகிய சட்டம். அதை வெயிலில் காயவைக்க எடுத்துப் போனவள், களத்தின் நடுவில் முகம் குப்புற விழுந்தாள். குழம்பு ஈரமாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. காய்ந்த சட்டமாக இருந்திருந்தால் உரசலில் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு முழுக்க எல்லோரும் பேசினார்கள். அவளுக்கு என்ன ஆனது என்று பேசியவர்கள் குறைவு.

அறுபதுகளின் தொடக்கம் அது. சிவகாசிக்கு அடுத்த விஸ்வநத்தம் பக்கம் ஒரு சின்ன மருத்துவ நிலையத்தில் நான் நர்ஸாக இருந்தேன். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் நான்தான் எல்லாம். அவளை மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். தொட்டால் கை சுட்டது. வியர்வையே இல்லை. உதடு வெடித்து, நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சேலையை நனைத்து, விசிறி, உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். சாயங்காலம்தான் தெளிந்தாள். என் வயதுதான், முப்பதுக்குள். இரண்டு பிள்ளைகள்.

எழுந்து உட்கார்ந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "உச்சி வெயில் நேரத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் நெழல்ல உக்கார விட்டாகன்னா போதும் நர்ஸம்மா. நீங்க சொன்னா கேப்பாக."

நான் சொன்னால் கேட்பார்கள் என்று நானும் நம்பினேன். மறுநாளே அந்தப் பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன்.

மேனேஜர் மரியாதையான ஆள். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். வெயில் இல்லாவிட்டால் இந்தத் தொழிலே இல்லை, மற்ற ஊர்க்காரர்கள் மழை வேண்டும் என்று கும்பிடுகிறார்கள், நாங்கள் வெயில் வேண்டும் என்று கும்பிடுகிறோம் என்றார். பிறகு, தன்னால் முடிவு செய்ய முடியாது, முதலாளியிடம் காட்ட எழுத்தில் ஏதாவது வேண்டும், சர்க்கார் காகிதமாக இருந்தால் இன்னும் நல்லது என்றார். வெயிலால் இந்த ஆட்களுக்குக் கஷ்டம் என்று காகிதம் சொல்லட்டும், மத்தியான ஒரு மணி நேரத்துக்கு நான் பொறுப்பு என்றார். அதை நான் வாக்காக எடுத்துக்கொண்டேன்.

விருதுநகரில் இருந்த என் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் மேசைக்குள்ளிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்துப் போட்டார். வெட்டவெளியில் வேலை செய்கிறவர்கள் வெயிலைப் பற்றி என்ன தெரிந்துவைத்திருக்கிறார்கள், என்ன பழக்கம் வைத்திருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் படிவம். மேலிடத்திலிருந்து வந்து பல மாதமாகச் சும்மா கிடந்ததாம். இங்கிலீஷில் ஸ்டென்சில் எடுத்தது. தமிழில் கேட்டு இங்கிலீஷில் எழுத வேண்டும். நல்லதாப் போச்சு, அந்தக் கம்பெனியிலேயே முடிச்சிட்டு வாம்மா என்றார்.

படிவத்தில் முதல் வரி: தலைத்துணி, உண்டு அல்லது இல்லை. இதை வாயால் கேட்கக் கூடாது, கண்ணால் பார்த்து எழுத வேண்டும் என்று அடியில் குறிப்பு இருந்தது. கேட்டால் ஜனங்கள் பொய் சொல்வார்களாம். அடுத்தது தண்ணீர்: ஒரு நாளைக்கு எத்தனை செம்பு. அடுத்தது, வெயிலால் வரும் கேடுகளில் எத்தனை தெரியும், ஐந்துக்கு மதிப்பெண். அதற்கடுத்து, தப்பிக்க என்ன செய்வார்கள், அதற்கும் ஐந்து. கடைசியில் இடத்தின் சுத்தம் பற்றிக் குறிப்பு எழுத இரண்டு வரி.

பங்குனி வெயிலில் இரண்டு நாள் எடுத்தேன். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, அட்டையில் செருகிய படிவம். போர்மேன் கூடவே வந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு என் முன்னால் நிறுத்துவார். "ஏலே, இங்கன வா. அம்மா கேக்குறதுக்குப் பதில் சொல்லு. உளறாத." இப்படித்தான் ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஆசீர்வாதம்.

வந்து நின்ற ஒருவர் தலையிலும் துணி இல்லை. ஆண்கள் தோளிலோ கக்கத்திலோ துண்டு வைத்திருந்தார்கள். பெண்கள் இடுப்பில் செருகியிருந்தார்கள். தலை மட்டும் மொட்டை வெயிலில். நான் பார்த்து எழுதினேன்: இல்லை, இல்லை, இல்லை. துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு தலையில் போடத் தெரியாத ஜனங்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருவரிடம் அதைச் சொல்லியும் விட்டேன். அவர் போர்மேனைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

வெயிலால் என்ன கெடுதல் என்று கேட்டால், ஒன்றும் இல்லை, பழகிப்போச்சு என்பார்கள். போர்மேன் தலையாட்டுவார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்றால், நிறையக் குடிக்கிறோம் என்பார்கள். என்ன செய்து தப்பிக்கிறீர்கள் என்றால் சிரிப்பார்கள். மதிப்பெண் சுழி. சுழி போட்டுப் போட்டு என் பேனா நிப்பு மழுங்கியது. மயங்கி விழுந்த பெண் அந்த வரிசையில் வந்தாள். அவளும், பழகிப்போச்சு என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அங்கேயே அறைந்திருப்பேன். உனக்காகத்தானே இந்த அனலில் நிற்கிறேன் என்று நினைத்தேன். குடைக்கடியில் நின்றுகொண்டுதான் நினைத்தேன்.

களம் முழுக்கக் காலடியில் அகல அகலமான பச்சை இலைகள் கிடந்தன. சில கிழிந்து, சில வாடி. பட்டாசு வேலை நடக்கிற இடத்தில், காய்ந்தால் பற்றிக்கொள்ளும் இலை கிடக்கலாமா? குறிப்பு எழுதும் இரண்டு வரியில், களத்தில் இலைக்குப்பை உள்ளது, அகற்ற வேண்டும் என்று எழுதினேன். அந்த இரண்டு நாளில் நான் உருப்படியாக ஒன்றைக் கண்டுபிடித்ததாக நினைத்தது அதைத்தான்.

விருதுநகரில் அறிக்கையைக் கொடுத்தேன். ஒரு நகல் கம்பெனிக்குப் போனது. பதினைந்து நாள் கழித்து மேனேஜரைப் பார்க்கப் போனேன். அறிக்கை ரொம்பத் தெளிவாக இருக்கிறது சிஸ்டர் என்றார். வெயில் இவர்களை ஒன்றும் செய்யவில்லை, தலையில் ஒரு துணி போடக்கூட இவர்களுக்குத் தோன்றவில்லை என்றால் அது உறைக்கவில்லை என்றுதானே அர்த்தம், இதை வைத்து முதலாளியிடம் ஒரு மணி நேரம் எப்படிக் கேட்பது என்றார். பிறகு, நீங்கள் எழுதிய ஒரு விஷயத்தை உடனே செய்துவிட்டோம் என்று சந்தோஷமாகச் சொன்னார். என்ன என்று எனக்குப் புரியவில்லை. சுத்தம் செய்திருப்பார்கள் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு மூன்று நாளில் அந்தப் பெண் மருத்துவ நிலையத்துக்கு வந்தாள். காய்ச்சலுக்கு இல்லை, காயத்துக்கு இல்லை. வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வா என்றால் வரவில்லை.

"எங்க மேல என்ன கோவம் ஒங்களுக்கு?" என்று கேட்டாள்.

என்ன என்றேன்.

"வேலி ஓரத்து ஆமணக்க அம்புட்டையும் வேரோட வெட்டிப்புட்டாக. நர்ஸம்மா எழுதிட்டாகன்னு போர்மேன் சொல்லுதாரு. எல கெடந்தா ஒங்களுக்கு என்ன செஞ்சுச்சு?"

இலையால் உங்களுக்கு என்ன என்று நான் திருப்பிக் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. படித்தவள் இப்படியும் இருப்பாளா என்ற பார்வை.

"தலையில எதைப் போடுறது? ஆமணக்கு எலய நனச்சு உச்சில வச்சு, அதுக்கு மேல துண்டக் கட்டுனாத்தான் மத்தியானம் வரைக்கும் நிக்க முடியும். எல வாடுனா மாத்திக்கிடுவோம். இப்ப வெறுந்துண்டு. துண்டு காஞ்சா அது வேற சுடுது."

துண்டு கட்டுவீர்களா என்றேன். நான் இரண்டு நாள் பார்த்தேனே, ஒருத்தர் தலையிலும் இல்லையே என்றேன்.

"நீங்க வந்தீக, எடுத்தோம். வெளிய இருந்து வந்த பெரியவுக முன்னால தலையில துண்டு கட்டிக்கிட்டு நிக்க முடியுமா? போர்மேன் தோலை உரிச்சிருவாரு. நீங்க கேட்டைத் தாண்டுனதும் கட்டிக்கிட்டோம்."

உட்கார்ந்துவிட்டேன். என் அப்பா வாத்தியார். கிராமத்துக் காட்டில் அவர் நடந்து போனால் ஏர் ஓட்டுகிறவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுவான். கோயிலுக்குள் வரும் ஆண்கள் வாசலிலேயே துண்டை எடுத்துவிடுவார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனால் யாருக்கு முன்னால் துண்டு இறங்குகிறதோ அவர்களுக்கு அது தெரிவதே இல்லை. எனக்கு முன்னால் இருந்த தலை எல்லாம் எப்போதும் வெறுந்தலைதான். அதனால் ஜனங்களின் தலையே அப்படித்தான் என்று எழுதிவிட்டேன். காலடியில் கிடந்தது, துண்டை அவசரமாக அவிழ்த்தபோது விழுந்த இலை. அதைக் குப்பை என்று எழுதினேன்.

அவளை உள்ளே வரச் சொல்லிக் கெஞ்சினேன். வந்தாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். காலையில் நீராகாரத்தில் உப்பைக் கூடப் போட்டுக் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். சின்ன வெங்காயம் கடித்துக்கொள்வார்கள். சட்டத்தைத் திருப்பும்போது சூரியனுக்கு முதுகு காட்டித்தான் திருப்புவார்கள், அதற்காகக் களத்தில் சட்டம் வைக்கும் வரிசையையே காலையில் ஒரு விதமாகவும் மத்தியானம் ஒரு விதமாகவும் மாற்றுவார்கள். யாருக்காவது வியர்வை நின்றுபோனால் பக்கத்தில் இருப்பவள் கவனித்துச் சொல்ல வேண்டும் என்று தங்களுக்குள் ஏற்பாடு. வியர்வை நின்றால் ஆபத்து என்பதை நான் நர்ஸ் படிப்பில் தெரிந்துகொண்டேன். அவளுக்கு ஐந்துக்குச் சுழி போட்டிருந்தேன்.

அப்படியானால் அன்றைக்கு நீ ஏன் விழுந்தாய் என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தண்ணி குடிக்கல" என்றாள். "குடிச்சா ஒதுங்கணும். எங்கன ஒதுங்குறது? சுத்தி வேலி, ஒரு மரம் கெடயாது, அங்கிட்டு ஆம்பளையாளுக. காலையில வீட்டுல ஒதுங்குனா பொறவு பொழுதடஞ்சுதான். நாங்க எல்லாருமே அப்படித்தான். ஒரு மணி நேரம் விட்டாகன்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடைக்குப் போயிட்டு வந்துருவோம். நெழலு என்ன பெரிய நெழலு. அதுக்குத்தான் கேட்டேன். அதப் போயி எப்படிச் சொல்றது?"

இதை எழுதும்போது இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. ஏனென்றால் அந்த இரண்டு நாளும் நானும் அந்தக் களத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. மேனேஜர் மோர் கொடுத்தார், வேண்டாம் என்றேன். அதே காரணம்தான். பஸ் பிடித்து அறைக்கு வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்படி இருந்துகொண்டே, எத்தனை செம்பு குடிப்பாய் என்று அவளைக் கேட்டு, நிறைய என்று அவள் சொன்னதை எழுதிக்கொண்டேன். அவள் சொன்னது பொய் என்று தெரிந்துகொள்ள எனக்குப் படிவம் வேண்டியதில்லை. நான் பெண்ணாக இருந்ததே போதும். தோன்றவில்லை.

மறுநாள் காலையில் விஸ்வநத்தம் ரோட்டில் ஒரு வேப்பமரத்தடியில் நின்று வேலிக்குள் பார்த்தேன். களத்தில் ஒரு தலைகூட வெறுந்தலை இல்லை. போர்மேன் தலையில் மட்டும்தான் ஒன்றும் இல்லை. அவர் தாழ்வாரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது அறிக்கை எழுதினேன். முதலாவது தவறு, நான் போய் நின்றதால் வந்த தவறு என்று தெளிவாக எழுதினேன். மேலதிகாரி படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கணக்கெடுப்புக்கு இரண்டு பதில் மேலே அனுப்ப முடியாது என்றார். தப்பான பதிலை மட்டும் அனுப்பலாமா என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து அறைக் குமாஸ்தா எட்டிப் பார்த்தான். கடைசியில் அவர், நானே வந்து பார்க்கிறேன், மேனேஜரையும் வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்றார். அந்த ஆள் கெட்டவர் இல்லை. வேலையைக் குறைத்துக்கொள்ளத் தெரிந்தவர்.

அதற்குள் நான் மேனேஜரிடம் இரண்டாவது அறிக்கையைக் காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்தார். எவ்வளவு புத்திசாலிகள் பாருங்கள் என்றார். இலை, துண்டு, வெங்காயம், முதுகைக் காட்டுவது, எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறார்கள், இவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறவர்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் எதற்கு சிஸ்டர் என்றார். முதல் தடவை ஒன்றும் தெரியாததால் ஒரு மணி நேரம் இல்லை. இரண்டாம் தடவை எல்லாம் தெரிந்ததால் இல்லை. நான் எந்தக் காகிதத்தைக் கொண்டுபோனாலும் அந்த மனுஷனுக்கு அதைத் தன் பக்கமாகப் படிக்கத் தெரிந்திருந்தது. தண்ணீர் விஷயத்தை எழுதியிருந்த பக்கத்தை மட்டும் அவர் படிக்காமல் புரட்டினார். கூச்சமாம்.

மேலதிகாரி வந்த அன்றைக்குச் சித்திரை வெயில். அவர், மேனேஜர், போர்மேன், நான், நாலு பேரும் களத்துக்குள் நுழைந்தோம். நான் பயந்தது போலவே நடந்தது. எங்களைக் கண்டதும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை துண்டுகள் இறங்கின. ஒரு நிமிஷம் ஆகவில்லை. மேலதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். உன் முதல் கணக்குத்தானேம்மா சரி என்றார்.

எனக்கு நிதானம் போய்விட்டது. கட்டுங்கள், துண்டைக் கட்டுங்கள், யாரும் எடுக்க வேண்டாம் என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. என்னைப் பார்க்கவில்லை, போர்மேனைப் பார்த்தார்கள். நான் கத்தியது இன்னொரு அதிகாரம், அவ்வளவுதான்.

அவள் மட்டும் கையிலிருந்த சட்டத்தைத் தாங்கியில் சாய்த்து வைத்தாள். இடுப்பிலிருந்து துண்டை உருவி, உதறி, தலையில் போட்டுப் பின்னால் முடிச்சுப் போட்டாள். அவசரமே இல்லை.

போர்மேன், ஏ பிள்ள என்று ஆரம்பித்தார். அவள் அவரைக் கண்டுகொள்ளாமல் மேலதிகாரியிடம் பேசினாள்.

"நீங்க நின்னா இப்படித்தான் இருக்கும்யா. நீங்க போனாக் கட்டிக்கிடுவோம். நாங்க என்ன செய்றோம்னு பாக்கணும்னா நீங்க இங்கன நிக்கக் கூடாது. தலையப் பாத்தது போதும். ஒரு மணி நேரம் வெளிய விடச் சொல்லுங்க. பொம்பளையாளுக ஒதுங்கப் போகணும். தண்ணி குடிக்க முடியல."

கூச்சப்பட்டு என்னிடமே இழுத்து இழுத்துச் சொன்னவள், மூன்று ஆண்களுக்கு முன்னால் பளிச்சென்று சொல்லிவிட்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெண் பக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். மேனேஜர் சூரியனைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பினார். மேலதிகாரிக்கு முகம் சிவந்தது. பையிலிருந்து காகிதம் எடுத்து அங்கேயே, நின்ற வாக்கில், உச்சி வேளையில் ஒரு மணி நேரம் ஆட்களை வெளியே விட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவ்விடத்தை விட்டுச் சீக்கிரம் போக வேண்டும் என்பதற்காகத்தான் எழுதினார் என்று இப்போதும் நினைக்கிறேன். எதற்காக எழுதினால் என்ன.

அந்த மணி நேரம் வந்தது. பன்னிரண்டு மணிக்கு கேட் திறக்கும். பெண்கள் முதலில் ஓடைப்பக்கம் போவார்கள், பிறகு வேப்பமரத்தடிக்கு வருவார்கள். நான் அந்த வழியாகப் போகும்போது பார்த்திருக்கிறேன். செம்பைத் தூக்கி மடமடவென்று குடிப்பார்கள். அடுத்த வருஷ வெயிலில் அந்தக் கம்பெனியிலிருந்து யாரையும் வண்டியில் போட்டுக் கொண்டுவரவில்லை.

அவள் அங்கே இல்லை. அந்தச் சீசன் முடிந்ததும் எல்லோரையும் போல அவளும் வேலையிலிருந்து நின்றாள். அடுத்த சீசன் தொடங்கியபோது மற்றவர்களைக் கூப்பிட்டார்கள், அவளைக் கூப்பிடவில்லை. மேனேஜரிடம் கேட்டேன். ஆட்கள் போதும் சிஸ்டர் என்றார். அதே மரியாதை, அதே நாற்காலி. நான் உட்காரவில்லை. கண்டபடி பேசிவிட்டு வந்தேன். அதற்கு எழுத்தில் புகார் வந்தது, எனக்கு மாற்றலும் வந்தது. அது பெரிய விஷயமில்லை. நர்ஸுக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு.

மாற்றலாகிப் போவதற்கு முன்னால், ஒரு நாள் காலையில் சிவகாசியிலிருந்து திருத்தங்கல் போகும் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கறுத்திருந்தாள், மெலிந்திருந்தாள், ஆனால் சிரித்தாள். வேறு கம்பெனியில் களத்து வேலையாம். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன், சொன்னாள். பழைய இடத்தில் இன்னும் அந்த ஒரு மணி நேரம் விடுகிறார்களா என்று கேட்டாள். விடுகிறார்கள் என்றேன். நல்லது என்றாள்.

இப்போது இருக்கும் இடத்தில் விடுகிறார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். தண்ணீர் என்று தொடங்கினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதடு, வண்டியில் கொண்டுவந்த அன்றைக்குப் போலவே வெடித்திருந்தது.

எந்தக் கம்பெனி என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன்" என்றாள். "சொன்னா நீங்க வந்துருவீக. அங்கனயாவது ரெண்டு சீசன் இருந்துக்கிடுதேன்."

திருத்தங்கலில் இறங்கினாள். நானும் இறங்கியிருக்க வேண்டும், எனக்கும் அங்கேதான் வேலை இருந்தது. இறங்கினால் அவள் எந்தப் பக்கம் போகிறாள் என்று பார்த்துவிடுவேன். அதனால் அடுத்த நிறுத்தம் வரை போய், அங்கிருந்து நடந்து வந்தேன்.